கிரகணம் பார்த்த மார்புப் படம்

பழைய படம் இருக்கிறதா என்று டொக்டர் கேட்டபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஐந்து வருடத்துக்கு முன் மார்பை எக்ஸ்ரே எடுத்த மேமோகிராம் படத்தை உறையோடு அலுமாரியின் மேல்தட்டில் வைத்திருந்தேன். இங்கே எடுத்த படத்தை நம் கையிலேயே தந்துவிடுவார்கள். நான் எதையும் தொலைக்கிற ஆள் இல்லை.

புதுப் படத்தில் இடது பக்கம் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி தெரிந்தது. “கட்டியெண்டும் சொல்லேலாது, ஒண்டுமில்லையெண்டும் சொல்லேலாது,” என்றார் டொக்டர். என் வயதுதான் அவருக்கும் இருக்கும். “பழைய படத்திலயும் இது இப்பிடியே இருந்தா பயமில்ல, ஆறு மாசம் பொறுத்துத் திரும்ப எடுப்பம். புதுசா வந்ததெண்டா, ஊசியால கொஞ்சம் சதை எடுத்து பயொப்சி செய்யிறதுதான் நல்லம்.”

வெள்ளவத்தையில் பஸ் ஏறினேன்; வீடு கொட்டாஞ்சேனையில். கொள்ளுப்பிட்டியில் பஸ் அரை மணித்தியாலம் நகரவில்லை. ஹேன்ட்பேக்கை இடது பக்கத்தோடு அணைத்துக்கொண்டு இருந்தேன். புற்றுநோய் என்ற சொல்லை மனதுக்குள்கூடச் சொல்லிப் பார்க்கப் பயமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து உறையைத் திறந்தால், படத்தில் மூன்று ஜன்னல்! கத்தரிக்கோலால் நேர்த்தியாக, சதுரம் சதுரமாக வெட்டி எடுத்திருந்தது. மார்பு இருந்த இடமெல்லாம் ஓட்டை.

என் கணவர் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கதிரையில் பேப்பரோடு இருந்தார். படத்தை அவர் மூக்குக்கு முன்னால் பிடித்தேன்.

“இதென்ன வேலை?”

அவர் ஓட்டை வழியாக என்னைப் பார்த்தார். “அது... அண்டைக்குச் சூரிய கிரகணம் பார்த்தமே.”

அட கடவுளே! கிரகணம் என்றால் எங்கள் ஒழுங்கையில் யார் வீட்டில் பழைய எக்ஸ்ரே இருக்கிறதென்று தேடி, அதன் வழியாகப் பார்ப்பார்கள். கண்ணுக்குக் கூடாதென்று சொன்னால் யார் கேட்கிறார்கள்? அன்று நான் கந்தோரில், வேலையில். என் மார்பு வழியாக அயலே சூரியனைப் பார்த்திருக்கிறது.

“உங்கட முழங்கால் படம் பக்கத்திலதானே கிடந்தது? அதை வெட்டியிருக்கலாமே?”

“அது தேவைப்படுமெண்டு வெச்சனான்,” என்றார் மனிதர்.

அன்றைக்கு நான் கத்திய கத்து கோயில் மணிக்கும் மேலே கேட்டிருக்கும்.

மூன்று துண்டில் ஒன்றை இவரே எறிந்துவிட்டார். ஒன்றை வாங்கிய குடும்பம் மட்டக்குளிக்கு வீடு மாறி, அதை எப்போதோ குப்பையில் போட்டிருந்தது. மிச்சம் ஒன்று. எதிர்வீட்டு முஸ்லிம் அக்காவிடம் ஓடினேன்.

“ஈக்கி புள்ள, அடுத்த கிரகணத்துக்கெண்டு பத்திரமா வெச்சீக்கேன்,” என்று குர்ஆன் வைக்கும் அலுமாரியிலிருந்து எடுத்துத் தந்தார். விஷயத்தைச் சொன்னதும் அவர் கண் கலங்கிவிட்டது. “அல்லாஹ்! ஒண்ட நெஞ்சா இது? தெரியாம சூரியனப் பார்த்துட்டேனே!”

மறுநாள் அந்தத் துண்டை டொக்டர் வெளிச்சத்தில் பிடித்தார். மூலையில் வலது பக்கத்துக்கான எழுத்து இருந்தது. “இது மற்றப் பக்கம்,” என்று சொல்லி, சிரிப்பை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான்தான் முதலில் சிரித்தேன்.

பிறகு அவர் சொன்னார்: “பொறுத்துப் பார்க்கிறதும் பிழையில்ல, இப்பவே பயொப்சி செய்யிறதும் பிழையில்ல. முடிவு உங்கட கையில.”

வீட்டில் அது என் கையில் இல்லை. “பொறுப்பம். ஊசி குத்தினா அது பரவுமாம்,” என்றார் இவர். வெளிநாட்டிலிருந்து மச்சாளும் போனில் அதையே ஓதினாள். டொக்டரிடம் அதைக் கேட்டுவிட்டேன், அப்படிப் பயப்படத் தேவையில்லை என்றார் என்று சொன்னாலும் யாருக்கும் காது இல்லை. மூன்று நாள் இழுபறி. அந்த மூன்று நாளும் அரிசி கழுவும்போதும் பல் தீட்டும்போதும் என் கை தானாக இடது பக்கம் போய்க்கொண்டே இருந்தது. நாலாம் நாள் எனக்கு வெடித்துவிட்டது.

“ஆறு மாசம் தெரியாம இருந்தா உங்களுக்கு ஆறு மாசம் ஒண்டுமில்ல. எனக்கு அப்பிடியில்ல. தெரியாத ஒவ்வொரு நாளும் எனக்கு அந்த நோய் இருக்கும். நான் செய்யப் போறன்!”

அவர் பேப்பரை மடித்தார். “எனக்குப் பயமா இருக்கு,” என்றார். முப்பத்தொரு வருடத்தில் அந்த வாயிலிருந்து அப்படி ஒரு சொல்லை நான் கேட்டதில்லை. என் கோபம் பாதி இறங்கிவிட்டது. பாதிதான்.

“எனக்கும்தான் பயம். வெளிக்கிடுங்க.”

மருந்து போட்டு அந்த இடத்தை விறைக்க வைத்துத்தான் செய்தார்கள். ஊசி ஒவ்வொரு தடவையும் கந்தோர் ஸ்டேப்லர் மாதிரிச் சத்தம் போட்டது. நீலமாகக் கன்றிய தோலும் இரண்டு நாள் வலியும், அவ்வளவுதான். முடிவு வரும்வரை இருந்த பன்னிரண்டு நாள்தான் உயிரை எடுத்தது.

“புற்றுநோய் இல்ல. சாதாரணக் கட்டி. வருசத்துக்கு ஒருக்கா வந்து படம் எடுங்க,” என்றார் டொக்டர்.

“பார்த்தீங்களா!” என்று என் மனிதரின் முதுகில் ஒரு அடி போட்டேன். வெளியே வரிசையில் இருந்த பெண்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்! வெள்ளவத்தைத் தேநீர்க் கடையில் நின்றபடியே நான்கு ரோல்ஸ் தின்றேன். எங்கள் ஒழுங்கைக்குள் கால் வைத்ததும், “ஒண்டுமில்ல அக்கா!” என்று கத்தினேன். எதிர்வீட்டுக் கதவு படாரென்று திறந்தது.

உள்ளே போனதும் இவர் புதுப் படத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

“எங்க அது?”

விரலால் காட்டினேன்.

“இவ்வளவு சின்னனா?” என்றார். நெடுநேரம் பார்த்தார். அன்று என் படம் வழியாகச் சூரியனைப் பார்த்த மனிதர், படத்தைப் பார்த்தது இன்றுதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு அதை உறையில் போட்டு அலுமாரியில் வைத்தார். பக்கத்தில் கிடந்த தன் முழங்கால் படத்தை எடுத்து என் கையில் தந்தார்.

“அடுத்த கிரகணத்துக்கு இதை வெட்டுவம்.”