லாசர் அண்ணன் கொடுத்த சட்டை

பட்டறையில் மத்தியானச் சங்கு ஊதுவதற்குச் சற்று முன்பு செய்தி வந்தது. "லாசர் அண்ணன் பூட்டாருடா காசிம்" என்றான் எங்கள் பழைய கோல்கீப்பர் மாணிக்கம். நான் முதலில் நினைத்தது என்ன தெரியுமா? இனி அவர் யாரிடமும் சொல்ல முடியாது என்று. அந்த நினைப்புக்கே என்னைச் செருப்பால் அடிக்கலாம்.

யுத்தத்தில் ஜப்பான்காரன் குண்டு போடுவானென்று பாதிப் பட்டணம் மூட்டை கட்டிய நாளிலும் ராயபுரம் மைதானத்தில் வெறுங்காலோடு பந்து பழகியவர் அவர். எங்கள் பட்டறைக் கால்பந்து அணியில் நடுவில் நின்று தடுக்கும் சென்டர் ஹாஃப். கோல் போட்டவனுக்கு மாலை விழும். பந்தைப் பறித்துக் கொடுத்தவருக்கு ஒரு சோடா. "மாலை இன்னாத்துக்கு நைனா, தாகத்துக்கு ஆவுமா?" என்பார்.

வயதானதும் அவரையே மேனேஜர் ஆக்கினார்கள். ஆட்டத்துக்கு லாரியில் போவோம். அவர் முதலில் இறங்கி, எங்களை ஒவ்வொருவராகக் குதிக்கச் சொல்வார். கால் தரையில் பதிவதைப் பார்த்த பிறகுதான் விளையாட்டுச் சட்டையைக் கையில் கொடுப்பார். "மூஞ்சி பொய் சொல்லும். காலு சொல்லாது" என்பது அவர் கணக்கு.

அந்த இறுதியாட்டம் பட்டறை ஆட்களான உங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். அதில் ஆடும் தற்காலிக ஆட்களை நிரந்தரமாக்குவதாகப் பெரிய அதிகாரி சொல்லியிருந்தார். நானும் தற்காலிகம்தான். எனக்கோ நான்கு நாள் முன்பே இடது முட்டி பிசகி வீங்கியிருந்தது. துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, வலது காலை ஊன்றிக் குதித்தேன். அவர் என் காலையே பார்த்தார்.

"வலிக்குதாடா?"

"இல்லண்ணா."

கையிலிருந்த லிஸ்டைப் பார்த்தார். பிறகு சட்டையைக் கொடுத்தார்.

கடைசி நிமிடத்தில் எதிரணிக்காரன் என் இடப்பக்கமாகவே பந்தைக் கொண்டுபோனான். என்னால் திரும்ப முடியவில்லை. ஒரு கோலில் தோற்றோம். நொண்டியை ஏன் இறக்கினாய் என்று கமிட்டியில் கேட்டபோது, "லிஸ்டு போட்டது நானு. அவன் மேல இன்னா தப்பு கீது?" என்றாராம். மேனேஜர் பதவி போயிற்று.

கிழவனுக்குக் கண் அவிந்துவிட்டது என்று டீக்கடையில் பேசினீர்கள். நானும் அங்கேதான் இருந்தேன். வாயைத் திறக்காதது போதாதென்று தலையையும் ஆட்டினேன்.

அதன்பின் அவரைக் கண்டாலே வேறு சந்தில் நுழைந்துவிடுவேன். ஒருநாள் மாதா கோயில் தெருவில் வசமாக மாட்டிக்கொண்டேன்.

"முட்டி எப்டி கீது?"

"ஆறிடிச்சிண்ணா."

"வேலை?"

"பர்மனெண்ட் ஆயிடிச்சிண்ணா."

"அப்ப சரி" என்று தோளில் தட்டிவிட்டுப் போனார். லாரியிலிருந்து குதித்தபோதே அவருக்குத் தெரிந்திருக்கிறது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அப்போதும் மன்னிப்புக் கேட்கவில்லை.

குழியில் மண் போட்டபோது சொல்ல வேண்டியதை உங்களிடம் இப்போது சொல்கிறேன். அவர் கண் அவியவில்லை. பொய் சொன்னவன் நான். அவர் நினைவாக என்ன வைத்திருக்கிறாய் என்று மாணிக்கம் கேட்டான். சட்டையைக் கமிட்டியில் ஆட்டம் முடிந்த அன்றைக்கே திருப்பி வாங்கிக்கொண்டார்கள். தினமும் சங்கு ஊதியதும் பட்டறைக்குள் நுழைகிறேனே, அந்த வேலைதான் என்னிடம் இருக்கிறது.