லொறி வராத கிழமைகள்

கடந்த வியாழக்கிழமை ஸ்கந்தபுரத்துக்கு லொறி வந்தது. பாக்கியம் அக்கா காயவைத்து எடுத்த செத்தல் மிளகாய் எட்டுச் சாக்கும் ஏறிப் போயின. பாதி விலைக்கு! அப்படி ஆக்கியவள் நான்.

இந்தப் பத்தியை வழக்கமாக வாசிக்கிறவர்களுக்குத் தெரியும் — இங்கே நான் தனி ஆள். பள்ளிக்கூடம் விட்டால் ஓர் அறை, ஒரு கதிரை, ஒரு லாம்பு. பேச்சுத்துணை பக்கத்துக் காணிப் பாக்கியம் அக்கா மட்டும்தான். வேலியால் எட்டிப் பார்த்து, "பிள்ளை, சாப்பிட்டனியோ?" என்பார். அந்த ஒரு கேள்விக்காகவே பின்னேரம் வரட்டும் என்று காத்திருப்பேன்.

சும்மா இருக்க முடிகிறதா? சந்தியில் மிளகாய் வாங்கும் கடைக்கார நானாவிடம் பழைய கொள்வனவுக் கொப்பியை இரவல் கேட்டேன். மூன்று வருஷ விலைகள். வரைபுத்தாளில் புள்ளி வைத்து இணைத்தேன். அடடா! ஏறத் தொடங்கிய விலை ஏறிக்கொண்டே போகிறது. விழத் தொடங்கினால் விழுந்துகொண்டே... அப்படியானால் விதி சுலபம்தானே? ஏறும்வரை வைத்திரு, விழத் தொடங்கினால் வில். எத்தனை கிழமை, எத்தனை வாரம், தொடர்ந்து விழுந்தால் விற்பது? ஒன்று, இரண்டு, மூன்று — எல்லாம் போட்டுப் பார்த்தேன். இரண்டு அற்புதமாகப் பொருந்தியது. அந்த மூன்று வருஷத்துக்கு மட்டும் அளவெடுத்துத் தைத்த சட்டை அது என்று அப்போது தோன்றவில்லை.

அக்காவிடம் தாளைக் காட்டினேன்.

"இதென்ன பிள்ளை, மாடு மிதிச்ச வரம்பு மாதிரிக் கிடக்கு?"

"விலை அக்கா. இன்னும் ஏறும். இப்ப குடுத்திடாதேங்கோ. விழத் துவங்கினா நான் சொல்லுறன்."

"நீ சொன்னாச் சரி. இறைக்கிற மிசின் ஒண்டு வாங்கிற அளவுக்கு ஏறினாக் காணும். என்ரை மனுசனுக்குக் கிணத்துத் துலா மிதிச்சே கால் போச்சுது."

நானாவின் கடைப் பலகையில் விலை ஏறியது. அக்கா சிரித்தார். பிறகு இறங்கியது. மறுகிழமையும் இறங்கியது. சைக்கிளில் பறந்தேன்.

"நானா, பாக்கியம் அக்கான்ரை மிளகாயை இண்டைக்கே எடுங்கோ!"

"எடுத்து எங்க வைக்கிற ரீச்சர்? விலை விழுந்தா லொறி வராது."

"கொப்பியிலை அப்பிடி ஒரு கிழமையும் இல்லையே?"

"வாங்காத கிழமைக்கு என்னத்த எழுதுற?"

வரிக்கு ஒரு கிழமை என்றல்லவா எண்ணியிருந்தேன்! லொறி வராத கிழமைகளை எல்லாம் தாண்டி, என் பென்சில் ஒரே இழுப்பாகக் கோடு போட்டிருந்தது. தாளில் நான் 'விற்ற' கிழமைகளில், வாங்க ஒருவருமே இருக்கவில்லை.

ஆறு கிழமை லொறி இல்லை. இடையில் மழை. மிளகாய் நிறம் மங்கிவிட்டது.

வியாழன் பின்னேரம், பிழை எங்கே என்று காட்டத் தாளோடு வேலியடிக்குப் போனேன். அக்காவின் கணவர் துலா மிதித்துக்கொண்டிருந்தார்.

"நீங்கள் நல்லதுக்குத்தானே சொன்னனீங்கள், ரீச்சர்," என்றார் அக்கா. அவ்வளவுதான். துலாவில் ஏறிவந்த தண்ணீர்ப் பட்டையைப் பிடிக்கத் திரும்பிவிட்டார்.

இப்போது புதிய தாள் கீறுகிறேன். லொறி வராத கிழமைகளை வெறுமையாக விட்டு... முன்னையதைவிட நல்ல விதி. யாருக்குக் காட்டுவது?

அக்கா ஏசவே இல்லை. ஏசியிருந்தால், 'பிள்ளை' என்று கூப்பிட்டுத்தான் ஏசியிருப்பார்.