ஷைனிக்கு வராத ஹூ

காஞ்சிரப்பள்ளி நர்ஸ் ஷைனிக்கு அயர்லாந்தில் ஒரு ஆஸ்பத்திரி வேலை தர ஒப்புக்கொண்டிருந்தது. ஆங்கிலப் பரீட்சைதான் குறுக்கே நின்றது. பேச்சில் தேறிவிடுவாள், எழுத்தில் கவிழ்ந்துவிடுவாள். 'விழுந்த ஆள்' என்று மலையாளத்தில் ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். ஆங்கிலத்தில் ஆளை முதலில் சொல்லி, நடுவே ஒரு ஹூ போட்டு, பிறகுதான் விழுந்ததைச் சொல்ல வேண்டும். பொருளாக இருந்தால் விச். அவசரத்தில் அவள் கை எல்லாவற்றுக்கும் விச் போட்டது.

"நோயாளிக்கு விச் போட்டிருக்கியே ஷைனி, அவர் என்ன கட்டிலா?" என்றார் பயிற்சி வகுப்பு ரெஜி சார். கூடப் படித்த சின்னப் பெண்கள் சிரித்தார்கள். ஷைனியும் சிரித்துவைத்தாள்.

வீட்டில் கணவன் தங்கச்சன் படுத்த படுக்கை. மிளகு பறிக்க ஏறிய ஏணியிலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. இந்த முறையும் தவறினால் வேலை கைவிட்டுப் போகும் என்று வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சியில் சொல்லிவிட்டார்கள். ஷைனிக்குச் சோறு இறங்கவில்லை. கப்பைக் கிழங்கு வேகும்போதும் இலக்கணம்தான். தங்கச்சன் புத்தகத்தை நெஞ்சில் சாய்த்துக்கொண்டு கேள்வி கேட்டான்.

"ஏணியிலேருந்து விழுந்த மனுஷன். என்னடி வரும்?"

"விச்."

அவன் திருத்தவில்லை. "சரிதான். மரக்கட்டைக்கு அதானே போடணும்."

கரண்டியை வீசி எறிந்தாள். "ஹூ! ஹூ! போதுமா இச்சாயா? இன்னொரு தடவை இப்படிப் பேசினா நான் பரீட்சைக்கே போகமாட்டேன்!" தரையில் உட்கார்ந்து அழுதாள்.

"அழாதே. அடுத்ததைச் சொல்லு," என்றான்.

கொச்சியில் பரீட்சை. ஒவ்வொரு ஹூவையும் எழுதி, அழித்து, மறுபடி எழுதினாள். வெளியே வந்தபோது கடைசியில் எதை அழிக்காமல் விட்டோம் என்றே நினைவில்லை. முடிவு வரும்வரை, ஊசி போடும்போதுகூட ஏதாவதொரு வாக்கியம் நினைவில் வந்து நின்றது.

தேறிவிட்டாள். தங்கச்சன்தான் ராந்நியில் இருந்த தன் அக்கா அன்னக்குட்டிக்கு முதலில் போன் செய்தான். அவனைப் பார்த்துக்கொள்ள அவள் வந்து சேர்ந்தாள். ஷைனி பெட்டி அடுக்கும்போது அவன் மெல்லக் கேட்டான்: "என்னைப் புரட்டிப் படுக்கவைக்க அக்காவுக்குத் தெரியுமாடி?"

பெட்டியை அப்படியே விட்டுவிட்டு வந்து அன்னக்குட்டிக்குக் காட்டிக்கொடுத்தாள். "தோளை இங்கே பிடிங்க சேச்சி. இடுப்பை இழுக்கக் கூடாது, தூக்கணும்."

"பயமாயிருக்கு. அவனுக்கு வலிக்குமேடி?"

"வலிக்காது சேச்சி. தோல் பொத்துப்போனாக்கூட இவருக்குத் தெரியாது. நீங்கதான் பார்க்கணும்."