வளைவில் நின்ற லொறி

வட்டகொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் பிள்ளைக்காம்பராவில், கொழுந்தெடுக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவர் சந்திரமலர். வயது நாற்பத்திரண்டு. தம்பி கொடுத்த பழைய கம்ப்யூட்டரில் லொறி ஓட்டும் கேம் விளையாடுவதில் அவருக்குக் கொள்ளை ஆசை. ஆனால் மலைப்பாதையின் வளைவுகளில் படம் அப்படியே நின்றுவிடும்.

"புது கிராபிக்ஸ் கார்டு போட்டாத்தான்க்கா சரிவரும்" என்றான் தம்பி. அதன் விலை அவருடைய இரண்டு மாதச் சம்பளம்.

சந்திரமலர் அவசரப்படவில்லை. கம்ப்யூட்டரின் எந்தப் பாகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டே இரண்டு வாரம் விளையாடினார். லொறி நிற்கும்போதெல்லாம் அதைக் கவனித்தார்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, கம்ப்யூட்டரைக் கம்பளியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் ஹட்டனுக்குப் போனார். கடைக்காரர் பைஸரும் கிராபிக்ஸ் கார்டைத்தான் எடுத்துக் காட்டினார்.

"கார்டு பாதிதான் வேல செய்யுது, பைஸர் நானா. லொறி நிக்கிறப்பல்லாம் ராம்தான், அந்த மெமரிதான், நெறஞ்சு போகுது. யாராச்சும் பாவிச்ச பழைய ராம் ஒன்னு இருந்தா போட்டுப் பாருங்களேன்."

பைஸர் அரை மனதோடு போட்டார். லொறி எந்த வளைவிலும் நிற்காமல் மலையேறியது. கார்டு விலையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

"இதெல்லாம் யாருகிட்ட படிச்சீங்க?"

"யாருகிட்டயும் இல்ல. பேசத் தெரியாத புள்ள அழுதா, பசியா வயித்து வலியான்னு பாத்துப் பாத்துத்தானே தெரிஞ்சுக்கிறோம்."

பைஸர் சிரித்தார். இதே குறைக்குக் கார்டு கேட்டிருந்த இன்னொருவரைப் போனில் அழைத்து, "மொதல்ல கம்ப்யூட்டர கொண்டு வாங்க, ராம பாப்போம்" என்றார்.