நோட்டன் பிரிட்ஜுக்கு எதிரே எழுதிய திகதி

தொண்ணூறுகளின் கடைசி வருடங்களில் என்னிடம் நாற்பது பக்கக் கொப்பி ஒன்று இருந்தது. நாட்குறிப்பு வேறு, இது வேறு. இதில் ஐந்து ஊர்கள்: ஹட்டன், தலவாக்கலை, இறம்பொடை, வலப்பனை, நோட்டன் பிரிட்ஜ். ஒவ்வோர் ஊருக்கும் எதிரே ஓர் எண், அடுத்த கட்டத்தில் நூற்றுக்கு எத்தனை வீதம் முடிந்தது, கடைசிக் கட்டத்தில் முடியும் திகதி. அடிமட்டம் வைத்துக் கோடு போட்டிருந்தேன். ஆட்களின் பெயர்களை எழுதவில்லை. கேட்காமல் எழுதுவது மரியாதையில்லை என்று நினைத்தேன்.

அது முதன்மை எண் தேடும் வேலை. ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறெதாலும் மீதியின்றி வகுபடாத எண். அதிலும் லட்சக்கணக்கான இலக்கங்கள் கொண்டது; கொப்பியில் நான் எழுதியது அதைக் குறிக்கும் ஏழு இலக்க எண்ணை மட்டும். உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானவர்கள் தங்கள் வீட்டுக் கணினிகளை இந்தத் தேடலுக்கு இலவசமாக விட்டிருந்தார்கள். ஒரேயொரு எண்ணைச் சோதிக்க எங்கள் கணினிகள் இரவும் பகலுமாக இரண்டு மாதம் ஓட வேண்டும். மலைநாட்டில் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்தோம். இணையம் என் வீட்டுத் தொலைபேசியில் மட்டும் வந்தது. ஆகவே எண்களை நான் வாங்கி, ஃப்ளொப்பியில் போட்டு, பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுத்து, முடிவுகளைத் திருப்பி எடுத்து வருவேன். ஹட்டனில் கணிதம் படிப்பித்த எனக்கு அது பிடித்த வேலையாக இருந்தது.

நோட்டன் பிரிட்ஜில் இருந்தவர் ஒரு தேயிலைத் தோட்ட அலுவலகத்துக் கிளாக்கர். என்னைவிடப் பத்து வயது இளையவர். குவார்ட்டர்ஸில் சாப்பாட்டு மேசைமேல் கணினியை வைத்திருந்தார். யாரும் தெரியாமல் அணைத்துவிடாதபடி அவர் மனைவி சுவிட்சின்மேல் பிளாஸ்டர் ஒட்டியிருந்தார்.

ஒரு சனிக்கிழமை அவர் வீட்டிலிருந்து திரும்பும்போது சோதனைச்சாவடியில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். யுத்த காலம், இது வழக்கம்தான். என் பையிலிருந்து நான்கு ஃப்ளொப்பிகளும் கொப்பியும் வெளியே வந்தன.

"என்னங்க மாஸ்டர், லொத்தர் சீட்டு நம்பருங்களா?" என்றார் எனக்குப் பின்னால் நின்ற ஓர் அம்மா. "நமக்கும் ஒன்னு சொல்றது! கொழுந்துக் கூடைய வீசிப்புட்டு நிம்மதியா இருப்போம்ல."

வரிசை சிரித்தது. கொப்பியைப் பிடித்திருந்த பொலிஸ்காரர் சிரிக்கவில்லை. ஓர் ஊரின் பெயரில் விரலை வைத்து, அப்படியே இழுத்துக்கொண்டு போய்க் கடைசிக் கட்டத்தில் நிறுத்தினார். பிறகு இன்னொருவரைக் கூப்பிட்டார். பஸ் என்னை விட்டுவிட்டுப் புறப்பட்டது. கேலி பேசிய அம்மா முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்.

என்னைக் கொண்டுபோன பொலிஸ் நிலையத்தில் பொறுப்பதிகாரி சிங்களத்தில் கேட்டார். நானும் சிங்களத்தில்தான் பதில் சொன்னேன்.

"நோட்டன் பிரிட்ஜில் நீர்மின் நிலையம் இருப்பது தெரியும்தானே, மாஸ்டர்?"

"தெரியும், சேர்."

"அங்கே என்ன வேலை எண்பத்தைந்து வீதம் முடிந்திருக்கிறது?"

அப்போதுதான் என் கொப்பியை அவருடைய கண்ணால் வாசித்தேன். நீர்மின் நிலையம் உள்ள ஊர். ஏழு இலக்க எண். எண்பத்தைந்து வீதம். ஒன்பது நாள் தள்ளி ஒரு திகதி.

விளக்கினேன். முதன்மை எண்ணுக்குச் சிங்களச் சொல் வாயில் வரவில்லை.

"சரி. அந்தத் திகதியில் என்ன நடக்கும்?"

"ஒன்றும் நடக்காது, சேர். அநேகமாக, நாங்கள் தேடும் எண் இது இல்லை என்றுதான் வரும்."

"ஒன்றும் நடக்காததற்கா இரண்டு மாதம்?"

பிறகு அதிகாரி, அங்கே யார் இருப்பது என்று கேட்டார். விசாரணைக்கென்று கொண்டுபோன பிள்ளைகளைத் தேடி முகாம் முகாமாக அலைந்த குடும்பங்கள் எனக்குத் தெரிந்தே இரண்டு. வாயை மூடினால் நான் போவேன். திறந்தால் கிளாக்கர் போவார். கிளாக்கரின் பெயரையும் குவார்ட்டர்ஸ் இலக்கத்தையும் சொன்னேன். அதிகாரி எழுதியதில் ஓர் இலக்கம் மாறியிருந்தது. அதையும் திருத்திக் கொடுத்தேன்.

ஒரு மணி நேரத்தில் ஜீப் வந்தது. கணினிப் பெட்டியை மடியில் வைத்தபடி, வீட்டில் கட்டியிருந்த சாரத்தோடு கிளாக்கர் இறங்கினார்.

"வயர அப்படியே புடுங்கிட்டாங்க சேர். கடைசி அரை மணி நேரக் கணக்கு போயிருச்சு" என்றார் முதலில். பிறகுதான் குரல் உடைந்தது. "நான் என்னங்க சேர் செஞ்சேன்?"

அதிகாரியின் முடிவு இது: கணினியும் கொப்பியும் அங்கேயே இருக்கும். நாங்கள் இருவரும் தினமும் பின்னேரம் வந்து கையெழுத்துப் போட வேண்டும். அந்தத் திகதியில் எங்காவது ஏதாவது நடந்தால், எங்களை அனுப்பும் இடம் வேறு.

எங்காவது ஏதாவது. அந்த நாட்களில் அது நடக்காத நாள் எத்தனை? நாட்குறிப்பைப் புரட்டி, முந்தைய மாதத்தில் குண்டுச் செய்தி எழுதிய நாட்களை எண்ணத் தொடங்கினேன். பாதியில் நிறுத்திவிட்டேன்.

"எல்லாத்தையும் எழுதி வைக்கணுமாங்க?" என்றாள் என் மனைவி. "கோடு வேற போட்டு! அவங்க என்ன நெனைப்பாங்க?"

மற்ற மூவருக்கும் சொல்லத் துடித்தேன். தொலைபேசியில் "நிறுத்திவிடுங்கள்" என்று சொல்வதை வேறு யாராவது கேட்டால்? சொல்லவில்லை.

அந்த நாள் வந்தது. விடியற்காலையிலிருந்து காற்றும் மழையும். பதினொரு மணிக்கு, மூன்றாம் பாடத்தில், மின்சாரம் போனது. பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். ஜன்னலால் பார்த்தேன், எதிரே இருந்த கடைகளிலும் விளக்கு இல்லை.

பாடசாலை விட்டதும் பஸ் ஏறினேன்.

"மரம் விழுந்துருச்சாம்" என்றார் கண்டக்டர்.

"மரமா? கரண்ட் ஸ்டேஷன்ல வெடிச்சிருச்சுன்னு சொல்றாங்க" என்றார் முன் சீட்டில் இருந்தவர்.

"நீ போய்ப் பாத்தியா?"

"பாத்தா இங்க ஏன்யா ஒக்காந்திருக்கேன்?"

பொலிஸ் நிலையத்தின் படியில் கிளாக்கரும் மனைவியும் நின்றார்கள். மனைவியின் கையில் ஒரு பை: இரண்டு சேர்ட், சவர்க்காரம், பிரஷ். இனி கணவர் வீட்டுக்கு வரமாட்டார் என்று முடிவு செய்தே கட்டியிருந்தார். என்னைக் கண்டதும் கணவரின் மறுபக்கம் போய் நின்றார்.

அதிகாரி தொலைபேசியில் இருந்தார். நீண்ட நேரம் "ம்" என்று மட்டும் சொன்னார். அதை வைத்ததும் எங்கள் மூவரையும் பார்த்தார்.

"மரம்தான்" என்றார். "ஆனால் நாள் இன்னும் முடியவில்லை."

இருட்டும்வரை வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தோம். தொலைபேசி நான்கு தடவை அடித்தது. ஒவ்வொரு தடவையும் கிளாக்கரின் மனைவி பையை எடுத்து மடியில் வைத்தார். பிறகு எங்களைப் போகச் சொன்னார்கள். மறுநாள் காலையில் கணினியையும் கொப்பியையும் திருப்பிக் கொடுத்தார்கள்.

பஸ் நிற்குமிடத்தில் கிளாக்கர் பெட்டியைச் சுமந்தபடியே கேட்டார்.

"எம் பேர நீங்கதானே சொன்னீங்க?"

"ஆமா தம்பி."

"சரிங்க. என்னயக் கேட்டிருந்தா நானும் ஒங்க பேரத்தான் சொல்லிருப்பேன்." பெட்டியை மறுதோளுக்கு மாற்றினார். "அந்த நம்பர வேற யாருக்காவது குடுத்துருங்க. வீட்டுக்கு இனிமே வராதீங்க சேர். அவ பயப்புடுறா."

அன்று மாலையே இணையத்தில் எண்ணைத் திருப்பிக் கொடுத்தேன். அடுத்த நாட்களில் பஸ்ஸில் மற்ற மூன்று ஊர்களுக்கும் போய் நேரில் சொல்லி எல்லாவற்றையும் நிறுத்தினேன். நோட்டன் பிரிட்ஜுக்கு அதன் பிறகு நான் போகவில்லை.