வெள்ளை வானில் போய் வருகிறவள்

அசிட் கொட்டிய இடத்துக்கு ஓடுகிறவர்கள் முதலில் சந்தேகப்பட வேண்டியது அசிட்டை இல்லை, அதை அணைக்க வாளியோடு ஓடி வருகிற நல்ல மனிதரை.

நான் வேலை செய்தது ஒருகொடவத்தையில், இரசாயனப் பொருள் இறக்கி விற்கிற ஒரு கொம்பனியின் ஸ்டோரில். சவர்க்காரத் தூள் செய்கிற சின்னத் தொழிற்சாலைகளுக்கு நாங்கள் கொடுக்கிற அசிட் மூடியைத் திறந்தாலே வெள்ளையாகப் புகைக்கும். ஒரு கோப்பை தண்ணீர் பட்டால் கொதித்துச் சீறி முகத்துக்கு வரும். எங்கேயாவது கொட்டிவிட்டது என்று கோல் வந்தால் ட்ரைவர் சுனில் அய்யே, மண்வெட்டி பிடிக்கிற நிஸாம் நானா, நான் மூன்று பேரும் காய்ந்த மணலோடு கொம்பனியின் வான் வண்டியில் ஓடுவோம். மணலால் மூடுவதும் அள்ளுவதும் அவர்கள் வேலை. என் வேலை கத்துவது. "தண்ணி ஊத்தாதேங்கோ!" என்று தமிழில் ஒருதரம், "வத்துர எப்பா!" என்று சிங்களத்தில் ஒருதரம். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஓ.எல். வரை படித்த எனக்கு, விளையாட்டுப் போட்டிகளில் கத்திக் கத்தித் தடித்துப்போன தொண்டைக்கு, இதைவிடப் பொருத்தமான உத்தியோகம் கிடைத்திருக்காது.

என் மனுசன் கட்டாரில். நானும் மூன்று வயது மகள் அபியும் வெள்ளவத்தையில் ஒரு வீட்டின் பின்னறையில். பகலில் அபியை வீட்டுக்காரி பார்த்துக்கொள்வா, அதற்கும் சேர்த்துத்தான் வாடகை. என் அடையாள அட்டையில் பிறந்த இடம் கிளிநொச்சி, புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த ஊர். போர்க்காலத்தில் அப்படி ஒரு அட்டையோடு கொழும்பில் அறை தேடிய ஆட்கள் இதை வாசித்தால், அவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அந்த அறை போனால் வேறு அறை இல்லை. அறை இல்லாவிட்டால் பொலிஸ் பதிவு இல்லை. ஊருக்குத் திரும்பலாம் என்றால் பாதையும் மூடிக் கிடந்தது.

வாசலில் வான்

எங்கள் வானின் நிறம் வெள்ளை. அதில் ஒரு எழுத்தும் இல்லை. "அசிட் எண்டு எழுதினா ஒவ்வொரு செக் பொயின்டிலயும் அரை நாள் நிப்பாட்டுவானுகள், தங்கச்சி" என்றார் நிஸாம் நானா. அவர் சொன்னது சரிதான். ஆனால் எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டுப் பெடியனை ஏற்றிக்கொண்டு போனதும் ஒரு எழுத்தில்லாத வெள்ளை வான்தான். அவன் திரும்பி வரவில்லை. அவனுடைய அம்மா இரவில் கேற்றைப் பூட்டாமல் படுப்பா. அப்படிப்பட்ட ஒழுங்கைக்குள் ஒரு வெள்ளை வான் வந்து ஹோர்ன் அடிக்கும். நான் சிரித்துக்கொண்டு ஓடிப்போய் ஏறுவேன். பின்னேரம் சிரித்துக்கொண்டு இறங்குவேன். பார்க்கிற சனம் என்ன நினைக்கும்?

வீட்டுக்காரி மனோ அன்ரி முதல் கிழமை திரைச்சீலைக்குப் பின்னால் நின்று பார்த்தா. இரண்டாம் கிழமை தேத்தண்ணி தந்து விசாரித்தா. அசிட், மணல், வாளி எல்லாவற்றையும் சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, அடுத்த நாள் நான் வேலைக்குப் போன பிறகு அபிக்கு பிஸ்கட் கொடுத்துத் தனியாகவும் விசாரித்தா. அன்று பின்னேரம் படியில் வைத்தே தீர்ப்புச் சொன்னா: "நீர் சொல்றதும் பிள்ளை சொல்றதும் ஒரேமாதிரித்தான் இருக்கு. இப்பிடிச் சொல்லச் சொல்லி ஆர் உங்களுக்குச் சொல்லித் தந்தது?"

பால்மா

எங்கள் முகமூடி ரப்பரால் செய்தது, இரண்டு பக்கமும் வடிகட்டி வைத்தது. என்னுடையதன் வார் அறுந்துபோனது. வீட்டில் ஊசிநூல் இருக்கிறதே என்று பைக்குள் போட்டுக்கொண்டு, வான் இல்லாத ஒரு பின்னேரம் பஸ் ஏறினேன். காலி வீதிச் செக் பொயின்டில் பொலிஸ் எல்லோரையும் இறக்கியது. என் பையிலிருந்து அபிக்கு வாங்கின சட்டை வந்தது, பால் போத்தல் வந்தது, அதற்குப் பிறகு முகமூடி வந்தது, முகமூடிக்குக் கீழே ஒரு பொலித்தீன் பையில் வெள்ளைத் தூள் வந்தது. எனக்குப் பின்னால் நின்றவர்கள் எல்லோரும் ஒரு அடி தள்ளி நின்றார்கள். அட்டையைப் பார்த்த பிறகு இன்னொரு அடி.

பால்மா என்று சொன்னேன். "அப்ப சாப்பிடு" என்றா பெண் பொலிஸ். ஒரு கை அள்ளி வாயில் போட்டேன். பால்மாவை வெறும் வாயில் போட்டவர்களுக்குத் தெரியும், அண்ணத்தில் ஒட்டிப் பேச விடாது. நான் பேசாமல் நின்றதை நஞ்சு என்று நினைத்து ஒருவன் வயர்லெஸ்ஸை எடுத்தான். நான் விழாமல் நிற்கிறதைப் பார்த்துவிட்டு அவ தானும் விரலால் தொட்டு நக்கிப் பார்த்தா. பிறகு என் விலாசத்தை எழுதிக்கொண்டு, பையைத் திருப்பித் தந்து, மெதுவாகச் சிங்களத்தில் கேட்டா: "நங்கி, இது எந்தக் கடையில வாங்கினது? என்ர பிள்ளைக்கு வாங்கிறது கட்டி கட்டியா வருது."

காவலரணின் மணல்

விலாசத்தை எழுதினது சும்மா இல்லை. பொலிஸ் வீட்டுக்கு வந்து, எங்கள் பதிவைப் பார்த்து, மனோ அன்ரியின் அலுமாரியையும் திறந்து பார்த்துவிட்டுப் போனது. அன்ரி என்னோடு பேச்சை நிறுத்திக்கொண்டா. அந்த நேரம் பார்த்துத்தான் கொட்டாஞ்சேனையில் இருந்து கோல்.

ஒரு கைவண்டி சரிந்து, அதில் ஏற்றின பிளாஸ்டிக் கான் உடைந்து, தெரு நடுவில் அசிட். வெள்ளைப் புகையைக் கண்டு குண்டு என்று சனம் ஓடிவிட்டது. ஓடாமல் நின்றவர் தேத்தண்ணிக் கடைக்காரர் ஒருவர்தான், கையில் நிறைந்த வாளி. "ஊத்தாதேங்கோ!" என்று கத்தினேன். "புகையெண்டா தண்ணிதானே தங்கச்சி ஊத்திறது?" என்று என்னைத்தான் சந்தேகமாகப் பார்த்தார். நிஸாம் நானா வானின் பின்கதவைத் திறந்தார். மணல் நனைந்து கிடந்தது. சுனில் அய்யே காலையில் வானைக் கழுவியிருக்கிறார், மணலோடு சேர்த்து. அந்த மணலைப் போடுவதும் வாளியை ஊற்றுவதும் ஒன்றுதான்.

சுற்றிப் பார்த்தேன். சந்தியில் தகரக் கூரைக்குக் கீழே, நல்ல காய்ந்த மணல், மூட்டை மூட்டையாக. ஆமிக் காவலரண். ஓடினேன். உள்ளே நின்றவன் துவக்கைத் தூக்கினான். "மல்லி, மணல் மூட்டை கொஞ்சம் தாங்கோ" என்றேன், எனக்குத் தெரிந்த சிங்களத்தில். அட்டையை வாங்கிப் பார்த்தான். "கிளிநொச்சியில இருந்து வந்து என்ர பங்கரைக் கழட்டச் சொல்றியா?" காற்று திரும்பிப் புகை அவன் பக்கம் போனது. அவன் இருமினான். வாளிக்காரர் ஒரு அடி முன்னால் வைத்தார். நான் அங்கே பார்த்து ஒரு கத்து, இங்கே பார்த்து ஒரு கெஞ்சல். கடைசியில் அவனே இரண்டு மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான், பிறகு இன்னும் இரண்டு. மூடினோம், அள்ளினோம். ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. போகும்போது என்னைக் கூப்பிட்டு, குறைந்துபோன சுவரைக் காட்டினான்: "அக்கா, விடியமுதல் மணல் வரவேணும். இல்லாட்டி நாளைக்கு எனக்கு முன்னால நீதான் நிக்கவேணும்."

அடைத்த குழாய்

அதற்கு நான் சிரித்தேன். ஆமிக்காரனும் சிரித்தான். எங்கள் முன் வீட்டு ரீச்சர் அந்தச் சந்தியால் பஸ்ஸில் போனா என்பது எனக்கு எப்படித் தெரியும்? நான் வீட்டுக்கு வருமுன்னம் செய்தி வந்துவிட்டது: ஆமி எனக்கு மூட்டை சுமக்கிறது. மனோ அன்ரி வாசலில் நின்று, "மாதக் கடைசியோட அறையை விட்டுடும்" என்று மட்டும் சொன்னா. அறை தேடி எத்தனையோ வீட்டுக் கதவைத் தட்டினேன். கதவு திறக்கும், அபியின் கன்னத்தைக் கிள்ளுவார்கள், அட்டையைப் பார்ப்பார்கள், அறைக்கு நேற்றுத்தான் வேறு ஆள் வந்ததாகச் சொல்வார்கள்.

மாதம் முடிகிற நேரம் குளியலறைக் கழிவுக் குழாய் அடைத்தது. என் பூட்சில் வந்த மணலாம். இருக்கலாம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அன்ரி ஹார்ட்வெயார் கடையில் கோஸ்டிக் சோடா வாங்கி, குழாய்க்குள் கொட்டி, மேலே ஒரு சட்டி தண்ணீரை ஊற்றிவிட்டா. அலறல் கேட்டு ஓடினேன். குழாய் வெள்ளையாக நுரைத்துக் கொதித்து அவவின் முழங்கை வரை தெறித்திருந்தது. அபி கதவடியில் நின்று, வீட்டில் விளையாடுகிற மாதிரியே, "வத்துர எப்பா! வத்துர எப்பா!" என்று கத்துகிறாள். நான் அன்ரியின் கையைப் பிடித்து இழுத்துத் தண்ணீர்ப் பைப்புக்குக் கீழே வைத்தேன். அவ உதறினா. திரும்பப் பிடித்தேன். திரும்ப உதறினா: "ஊரெல்லாம் தண்ணி ஊத்தாதேங்கோ எண்டு கத்திறவள், எனக்கு மட்டும் ஏன்டி ஊத்திறாய்?"

ஏறமாட்டன்

நிலத்தில் கொட்டினால் தண்ணீர் கூடாது, உடம்பில் பட்டால் தண்ணீர்தான் மருந்து. இதை அலறுகிற ஒருவருக்கு விளக்கப் போனால் தோல் போய்விடும். அதனால் விளக்கவில்லை. சுவரோடு சாய்த்து, அவவின் கையை என் கமக்கட்டுக்குள் இறுக்கி, தண்ணீர்த் தாங்கி முடியுமட்டும் திறந்து விட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். காலி வீதியில் ஏதோ சோதனை, ஒரு ஓட்டோவும் கிடைக்கவில்லை. ஸ்டோருக்குக் கோல் அடித்தேன். சுனில் அய்யே வந்து ஹோர்ன் அடித்தார்.

அன்ரி கேற்றைப் பிடித்துக்கொண்டா. "நான் ஏறமாட்டன். இதில ஏறின ஆரும் திரும்பி வந்ததாக் கேள்விப்பட்டனியோ?"

"நான் கிழமைக்கு நாலு தரம் திரும்பி வாறன், அன்ரி."

"அதுதானே எனக்குச் சந்தேகம்!"

கடைசியில் அபியை மடியில் வைத்துக்கொண்டுதான் ஏறினா. ஏறினதும் கண்ணாடியை இறக்கி, "நான் மனோன்மணி! ஆஸ்பத்திரிக்குத்தான் போறன்! எல்லாரும் பாத்துக்கொள்ளுங்கோ!" என்று ஒழுங்கை முழுக்கக் கத்திக்கொண்டு வந்தா. ஒவ்வொரு யன்னலாகச் சாத்துப்பட்டது. பின்னேரம் கையில் கட்டோடு திரும்பி வந்தோம். வழியில் சுனில் அய்யே வாங்கித் தந்த பனிஸ் பையையும் பிடித்துக்கொண்டு, பாவம், அன்ரி சிரித்துக்கொண்டு இறங்கினா. முன் வீட்டு ரீச்சர் அதையும் பார்த்தா.

அதற்குப் பிறகு ரீச்சர் பேப்பர் இரவல் வாங்க வரவில்லை. சந்திக் கடைக்கு அன்ரி போனால் அங்கே நிற்கிறவர்களின் கதை நின்றது. கடைசி வீட்டுப் பெடியனின் அம்மா மட்டும் ஒருநாள் வந்து, அன்ரியின் கட்டுப்போட்ட கையைப் பிடித்து, வானுக்குள் வேறு யாராவது இருந்தார்களா என்று கேட்டுவிட்டுப் போனா. அன்று அன்ரி சாப்பிடவில்லை. மாதம் முடிந்த அன்று நான் பையைக் கட்டி, அபிக்குச் சப்பாத்துப் போட்டு வாசலுக்கு வந்தேன். அன்ரி கதவுக்குக் குறுக்கே நின்று, நல்ல கையால் என் பையை வாங்கி உள்ளே வைத்தா: "நீ போனா இந்த ஒழுங்கையில என்னை மட்டுந்தான் சந்தேகப்படுவினம். பேசாம இரு."

அசிட் அள்ளின இத்தனை வருசத்தில் நான் கண்டது இவ்வளவுதான்: சந்தேகத்தின் மேலேயும் விளக்கத்தை ஊற்றக் கூடாது, கொதிக்கும்.