மயில்கழுத்து நிறத்தில் ஒரு ஸ்டீல் கிட்டார்

திருப்பூருக்கு நான் போகாத ஆண்டு கிடையாது. சாயக் கழிவு, நூல் விலை, வேலைநிறுத்தம் என்று செய்திக்காகவே போய் வந்தவன். சென்ற மாசியில் ஒரு வெள்ளிக்கிழமை, முதல் தடவையாக, எந்தப் பத்திரிகை ஆசிரியரும் அனுப்பாமல் போனேன். அவிநாசிப் பக்கம் ஒரு கொட்டகையில் கையாலேயே ஸ்டீல் கிட்டார் செய்கிறார்கள், அதற்குச் சாயம் ஏற்றுகிறவர் முன்பு துணிச் சாயப்பட்டறையில் இருந்தவர் என்று நண்பர் சொன்னார். மரத்துக்குத் துணிக்காரர் எப்படிச் சாயம் போடுவார் என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான் காரணம்.

ஈரோட்டில் காலை ஏழேகாலுக்கு ரயில் ஏறினால் எட்டேகாலுக்குத் திருப்பூர். ஐம்பது கிலோமீட்டர். உட்கார இடம் எதிர்பார்க்காதீர்கள். புதிய பேருந்து நிலையத்தில் இட்லி சாப்பிட்டுவிட்டு அவிநாசி பஸ் பிடித்தேன். பதினான்கு கிலோமீட்டர், நெரிசலில் நாற்பது நிமிடம். அங்கிருந்து ஆட்டோவில் நான்கு கிலோமீட்டர், நூற்றிருபது ரூபாய்.

"கிட்டார் கம்பெனிங்களா?" என்று ஆட்டோக்காரர் இரண்டு முறை கேட்டார். "பனியன் கம்பெனின்னா கண்ணக் கட்டிட்டு உட்டாலும் போயிருவனுங்க. இது எந்தப் பக்கமுங்க?" கடைசியில் "கட்டிங் டேபிள் செய்யற தங்கவேல் அண்ணன் கொட்டாய்" என்றதும் வண்டி தானாகத் திரும்பியது.

தங்கவேலுக்கு ஐம்பது வயதிருக்கும். பனியன் கம்பெனிகளுக்குத் துணி வெட்டும் நீள மேசைகள் செய்து கொடுப்பவர். நான்கு வருடமாக மேசைக்கு நடுவே கிட்டாரும் செய்கிறார். மடியில் கிடத்தி, இடது கையில் ஓர் இரும்புக் கட்டையைப் பிடித்துக் கம்பிகள் மேல் வழுக்கி வாசிப்பார்களே, அந்தக் கிட்டார். சாயமும் பாலிஷும் ரெஜினா பொறுப்பு. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். சாயப்பட்டறை லேபில் பதினோரு வருடம், நிறம் மாதிரியோடு பொருந்துகிறதா என்று ஷேடு பார்த்தவர்.

"நல்ல நாள் பாத்து வந்திருக்கீங்க அண்ணாச்சி," என்றார் ரெஜினா. "இன்னைக்கு அஞ்சு மணிக்கு டெலிவரி. பார்ட்டி பொல்லாதவ."

விஷயம் இதுதான். பனியன் கம்பெனியில் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டர் ஞானராஜ், மகள் கல்யாண வரவேற்பில் தானே வாசிக்கப் போகிறார். வரவேற்பு மறுநாள் மாலை பல்லடத்தில். மகளின் பட்டுச்சேலை மயில்கழுத்து நிறம். கிட்டாரும் அதே நிறத்தில் வேண்டும் என்று பிளவுஸ் துணியில் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்திருக்கிறார். மகள் பெனிட்டா ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசர். பட்டறைகள் அனுப்பும் சாய மாதிரிகளைப் பார்த்து, சரி அல்லது தப்பு என்று சொல்வதே அவருக்கு வேலை.

"ரெண்டு வருஷம் என் சாம்பிளத் திருப்பித் திருப்பி அனுப்புனவ அவதான்," என்றார் ரெஜினா. "ஒரு நேவி ப்ளூவுக்கு ஒன்பது தடவ. நாளைக்கு மணமேடையில நின்னுகிட்டே ரிஜெக்ட் பண்ணுவா."

மரம் பொங்கலூர்த் தோட்டம் ஒன்றில் சாய்ந்த பழைய மாமரம். வெளிறிய பலகை. நார் நேராக ஓடாமல் அலை அலையாக நெளிந்திருந்தது. ரெஜினா முதலில் வெறும் தண்ணீரால் துடைத்தார். காய்ந்ததும் மேலே பூனைமுடி போல நார் எழும்பியது. உப்புத்தாளால் தேய்த்து எடுத்தார். துணியில் மேலே நிற்கும் பிசிறைத் தீயில் பொசுக்கி எடுப்பதும் இதுவும் ஒன்றுதான் என்றார். பிறகு வெந்நீரில் நீலமும் கொஞ்சம் மஞ்சளும் கரைத்து, பனியன் வேஸ்ட் துணியை முக்கி, நார் போகும் போக்கில் ஒரே இழுப்பாகத் தடவினார். ஹேர் டிரையர் பிடித்துக் காயவைத்து, பிளவுஸ் துண்டை மேலே போட்டபோது மணி பதினொன்று. துண்டு எங்கே, மரம் எங்கே என்று எனக்குத் தெரியவில்லை.

டீ வந்தது. எல்லோரும் சிரித்துக்கொண்டுதான் குடித்தோம். அதன்பின் ஸ்பிரிட்டில் கரைத்த அரக்குப் பாலிஷை முதல் கோட்டாக ஏற்றினார். கை பாதி தூரம் போகும்போதே நின்றுவிட்டது. பாலிஷ் பட்ட இடமெல்லாம் பச்சை. இளம் பச்சைகூட இல்லை, பளபளவென்று கழுவி வைத்த பச்சை.

தங்கவேல் எட்டிப் பார்த்தார். "ஏனம்மா ரெஜினா, மயிலக் கேட்டா வாழையெல போட்டுட்டயே. சோறு வெச்சாப் பந்தி ஆரம்பிச்சிரலாம்."

"சும்மா இரிங்க அண்ணாச்சி, எனக்குக் கைகால் ஓடல."

தவறு எங்கே என்று அவருக்கே உடனே புரிந்துவிட்டது. துணியில், மாதிரியை அயர்ன் போட்டு நன்றாகக் காயவைத்துத்தான் ஷேடு பார்ப்பார்கள். காய்ந்த நிறமே கடைசி நிறம். மரத்தில் காய்ந்த நிறம் பாதி வழிதான். மேலே வரும் பாலிஷின் மஞ்சள், நீலத்தோடு சேர்ந்து பச்சையாகிவிடும். இதுவரை செய்த கிட்டார் எல்லாம் சிவப்பும் பழுப்பும். அவற்றுக்கு அந்த மஞ்சள் அழகுதான் சேர்த்தது. நீலம் இதுவே முதல். பதினோரு வருடப் பழக்கம் காய்ந்ததையே பார்க்கச் சொல்லியிருக்கிறது.

மரம் தெரியும்வரை இழைத்துவிடலாம் என்றார் தங்கவேல். அப்படிச் செய்தால் ஐந்து மணிக்கு முடியாது. நிறமே போடாத இன்னொரு கிட்டாரைக் கொடுத்தனுப்பலாம் என்றும் சொன்னார். ரெஜினா ஸ்பிரிட்டால் பாலிஷைக் கரைத்துத் துடைத்துவிட்டு உப்புத்தாளை எடுத்தார். கால் மணி நேரம் தேய்த்ததும் பலகை வரிவரியாக வெளுத்தது. நெளிந்த நார் மட்டும் குடித்த சாயத்தை விடவில்லை. அந்த அலைகளில் பச்சை தங்க, இடையில் வெள்ளை.

பிளவுஸ் துண்டை வாசல் வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார். "அண்ணாச்சி, இந்தப் பட்டுல ஒரே கலர் கிடையாதே. நெடுக்க ஓடுற பாவு நீலம், குறுக்க ஓடுற ஊடை பச்சை. நான் ரெண்டையும் கலக்கி ஒண்ணாப் போட்டேன் பாருங்க."

இந்தத் தடவை மஞ்சள் கலக்காத நீலம் மட்டும். வெளுத்த இடங்கள் குடித்தன. அரக்கைத் தொடவே இல்லை. தண்ணீர் போலத் தெளிந்த லேக்கரை, முதலில் ஒரு துண்டுப் பலகையில் அடித்து, ஈரத்திலேயே ஷேடு பார்த்து, பிறகு கிட்டாரில் மூன்று கோட்டு ஸ்பிரே செய்தார். கோட்டுக்கு நடுவே அரை மணி நேரம். மதியச் சாப்பாட்டை மூவருமே மறந்துவிட்டோம்.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அப்பாவும் மகளும் ஸ்கூட்டரில் வந்தார்கள். பெனிட்டாவின் கையில் மருதாணி காய்ந்துகொண்டிருந்ததால், ஞானராஜ்தான் கிட்டாரைச் சாய்த்துக் காட்ட வேண்டியிருந்தது. "லெஃப்ட்ல திருப்புங்கப்பா. இன்னும் கொஞ்சம். வெளியில கொண்டு போங்க." நீலம் பச்சையாகி, பச்சை நீலமானது. ரெஜினா என் பக்கம் பார்க்கவே இல்லை.

"அக்கா," என்றார் பெனிட்டா, "இத நீங்க பட்டறையில இருக்கும்போது குடுத்திருக்கக் கூடாதா?"

"நீ ஒன்பது தடவ திருப்பி அனுப்புனதுல கத்துக்கிட்டதுதான்ளா," என்றார் ரெஜினா. அப்போதுதான் உட்கார்ந்தார்.

நானும் அழைக்கப்பட்டேன். மறுநாள் அவிநாசிக் கோயிலைப் பார்த்துவிட்டு மாலை பல்லடம் போனேன். மண்டபத்தில் மேடை முழுக்க ஊதா விளக்கு. சேலையும் ஊதா, கிட்டாரும் ஊதா, மாப்பிள்ளையின் கோட்டும் ஊதா. பின்வரிசையில் இருந்த ரெஜினா எழுந்து நேராக லைட்காரரிடம் போனார். "அண்ணே, ஒரு பாட்டுக்கு மட்டும் வெள்ள லைட்டு." அவர் முறைத்தார், பிறகு போட்டார். ஞானராஜ் வாசித்தார், மகள் பக்கத்தில் நின்றார். முன்வரிசையில் ஓர் அம்மாள் "கிட்டாருக்கும் அதே கடையிலயா எடுத்தாங்க?" என்று கேட்டது எங்கள் வரிசைவரை கேட்டது.

போக விரும்புகிறவர்களுக்கு: முன்னதாகச் சொல்லிவிட்டுப் போங்கள். மேசை வேலை இருக்கும் நாளில் கிட்டார் வேலை நடக்காது. லேக்கர் அடிக்கும்போது வாசலுக்கு வெளியே நில்லுங்கள், நெடி தலைக்கேறும். நிறம் கேட்பதானால் போட்டோ காட்டாதீர்கள், துணித்துண்டு கொண்டு போங்கள். மேடையில் வாசிக்கப் போகிற கிட்டார் என்றால், அந்த மண்டபத்தில் என்ன நிற விளக்கு என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். ரெஜினா இப்போது ஆர்டர் எடுக்கும்போது பேரைக் கேட்பதற்கு முன் அதைத்தான் கேட்கிறார்.